சுருட்டி வைக்கிறவர்

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பேய் மத்தியானப் பேய். சாப்பிட்டு முடித்து நான் கட்டிலில் சாய வேண்டியதுதான், அதற்கு டியூட்டி ஆரம்பம்.

காலமெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்ற எனக்கு, அந்த வீட்டைப் பார்த்ததும் பிடிக்கவில்லை. சுவரெல்லாம் ஈரம். ஜன்னலைத் திறந்தாலும் வெளிச்சம் உள்ளே வர யோசித்தது. ஆனால் வாசலில் ஒரு படிகூடக் கிடையாது. ஊர் முழுக்க அலைந்து, என் மனைவியின் பேட்டரி நாற்காலி நேராக உள்ளே போகிற மாதிரி கிடைத்த ஒரே வீடு அது. இடுப்புக்குக் கீழே அசைவில்லாத அவளுக்கு அந்த நாற்காலிதான் கால். சார்ஜ் இல்லாவிட்டால் அவள் கட்டிலோடு கட்டில்.

படுக்கையறையில் இருந்த பிளக் பாயிண்ட் உருகி, பல் போன கிழவன் மாதிரி வாயைக் கோணிக்கொண்டிருந்தது. நாற்காலியோ எப்போதும் அவள் கட்டிலை ஒட்டி நிற்க வேண்டும். அதனால் தடிமனான, நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்று வாங்கி, கூடத்திலிருந்து இழுத்து, சார்ஜரில் மாட்டினேன். மீதி ஒயர் தரையெல்லாம் வளைந்து கிடந்தது.

முதல் மத்தியானமே ஒரு வாடை என்னை எழுப்பியது. ரப்பர் கருகுகிற வாடை.

சார்ஜர் பக்கத்தில் ஒயர் வட்டமாக, அடுக்கடுக்காக, தட்டு மாதிரி அழகாகச் சுருட்டி வைத்திருந்தது. தொட்டேன். தோசைக்கல் தோற்றது! சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மனைவியிடம் பாய்ந்தேன்.

"ஏன்டி இதைச் சுருட்டினே?"

"ஆமா, நீங்க குறட்டை விட்டப்போ எழுந்து நடந்து போய்ச் சுருட்டிட்டு வந்து படுத்தேன். கேக்குறாரு பாரு கேள்வி!"

எனக்கு வியர்த்ததில் ஒரு குடம் நிரம்பியிருக்கும்.

மறுநாள் ஒயரை முழுக்க விரித்துப் போட்டு, கூடத்தில் படுக்கையறை வாசலோரம் ஒரு ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தேன். வெளியே மழை. கூடம் மங்கியது. சார்ஜரின் சிவப்பு விளக்கு மட்டும் விழித்திருந்தது.

சரக்.

எலி என்று நினைத்தேன்.

சரக்... சரக்...

ஒயர் நகர்ந்தது. யாரோ குனிந்து, நிதானமாக, கைவாகாக, ஒரு சுற்று வைத்தார்கள். அதன்மேல் இன்னொரு சுற்று.

கை தெரியவில்லை.

மூச்சுச் சத்தம் கேட்டது.

நான் போட்ட கூச்சலில் மேகமே கலைந்துபோய் மழை நின்றது என்றால் நீங்கள் நம்ப வேண்டும்.

கூச்சல் கேட்டு மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா இறங்கி வந்தார். நான் போன் செய்ததும் மச்சானும் வந்தான். மனைவியின் தம்பி, எலக்ட்ரீஷியன். பிளக்கைப் பிடுங்கி ஒயரை மோந்து பார்த்தான், பிறகு படுக்கையறை விரிப்பைத் தூக்கினான். அடியில், சிமென்ட் தரையில், கருகிய வட்டம். சுற்றுச் சுற்றாக.

"மாமா, சார்ஜர் மணிக்கணக்கா கரண்ட் இழுக்கும். ஒயரைச் சுருட்டி வெச்சா உள்ள இருக்கிற சூடு எங்க போகும்? அதுமேல விரிப்பையும் மூடினா கேக்கவே வேணாம். இங்க யாரோ அதைத்தான் பண்ணியிருக்காங்க."

வீட்டுக்காரம்மா முந்தானையைப் பிசைந்தார். "முன்னாடி இருந்தவர் நாடகத்துக்கு லைட் போடுறவர். ஒயர் அலங்கோலமா கெடந்தா அவருக்குத் தூக்கம் வராது. பேட்டரி ஸ்கூட்டருக்கு இங்கதான் சார்ஜ் போடுவார். மிச்ச ஒயரைச் சுருட்டி விரிப்புக்கு அடியில தள்ளிட்டு, மத்தியானம் படுத்தார்..."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. எழுந்திருக்கவில்லை என்பதை அந்தக் கரிவட்டம் சொன்னது.

மச்சான் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, வேணாம்க்கா. காலி பண்ணிடலாம்."

"எங்கடா போறது? படி வெச்ச வீட்டுக்கா? என்னை மூட்டை மாதிரி தூக்கி இறக்கவா? நான் இங்க கால் வெச்சு வரல, சக்கரம் வெச்சு வந்திருக்கேன். நகர மாட்டேன்."

"அப்போ நாளைக்கே புது ஒயரிங் இழுத்து, ரூம்லயே நல்ல பாயிண்ட் வெச்சுத் தரேன். அதுவரைக்கும் சார்ஜ் போடாத."

"பேட்டரி செத்துக் கெடக்கு. இப்பவே போடுறோம். ஒயரை விரி. மூணு பேரும் முழிச்சிருந்து பாப்போம்."

சூடு ஆறியதும் மச்சான் ஒயரை முனையிலிருந்து முனைவரை தடவி, பழுதில்லை என்று பார்த்து, சுருக்கமே இல்லாமல் விரித்தான். பிளக்கை மாட்டினான். வீட்டுக்காரம்மா எப்போது மாடியேறினார் என்று யாருக்கும் தெரியாது.

சிவப்பு விளக்கு எரிந்தது.

சரக்.

மச்சான் என் தோளில் ஏறாத குறை. இரண்டு சுற்று விழுந்ததும் நான் ஒயரைப் பிடித்தேன். எதிர்ப்பக்கம் இழுத்தது. லாரி இழுத்த இழுப்பு!

"விடாதீங்க!" என்றாள் மனைவி. கட்டிலில் கையூன்றி நிமிர்ந்தாள். கூடத்தைப் பார்த்து, கடைக்காரரிடம் சண்டை பிடிக்கிற குரலில் பேசினாள்.

"அண்ணே! நாடகம் முடிஞ்சப்புறம்தானே ஒயரைச் சுருட்டுவீங்க? மேடையில ஆள் நடிச்சிட்டிருக்கும்போது சுருட்டுறது எந்த ஊர்த் தொழில்? உங்க நாடகம் முடிஞ்சிருக்கலாம். என்னுது முடியல. லைட் எரியுது பாருங்க. கையை எடுங்க!"



என் கையில் ஒயர் தளர்ந்தது. சுருண்டிருந்த இரண்டு சுற்றும் தானாகத் தரையில் விரிந்தன. யாரோ தலைகுனிந்து பின்வாங்குவது போல, செருப்பொலி கூடத்தைக் கடந்து போனது.

சார்ஜ் ஏறும்வரை யாரும் அசையவில்லை.

மறுநாள் மச்சான் சொன்னபடியே புது பாயிண்ட் வைத்தான். சார்ஜரை நேராகச் சுவரில் மாட்டினோம். எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தன் பையில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினான். தரையில் இப்போது ஒரு நூல்கூட இல்லை. மனைவி வீடு முழுக்க ராணி மாதிரி வலம் வருகிறாள்.

எல்லாம் ஓய்ந்தது என்று நேற்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன். எழுந்து நின்றேன்.

பைஜாமா கணுக்காலுக்கு இறங்கியது.

நாடாவைக் காணோம். மேஜைமேல், தட்டு மாதிரி, அடுக்கடுக்காகச் சுருண்டிருந்தது. தொட்டேன்.

சுட்டது.

பக்கத்து அறையிலிருந்து சக்கரம் உருண்டு வந்தது. மனைவி என்னைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு வெற்றிடத்தை அதட்டினாள்.

"அண்ணே, அது அவரோட மானம். அவுருங்க."

மேல்சுற்று மெல்ல நகர்ந்தது. எங்கள் கண்ணெதிரே, ஒவ்வொன்றாக, அவிழ ஆரம்பித்தது.