சீல் உடைக்காத தட்டு

உறை இருந்தது. உள்ளே தட்டு இல்லை.

தலைவர் ஸ்டான்லி மட்லாலா அந்த வெள்ளை உறையைக் கவிழ்த்துத் தட்டினார். பிறகு அதன் வாயை விரித்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார். அத்தனை பெரிய இசைத்தட்டு மூலையில் எங்காவது ஒண்டியிருக்கும் என்று அவருக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. தென்னாப்பிரிக்காவின் மமெலோடியில் திகெலெடியின் வீட்டு முன்னறை. ஞாயிறு மதியம் ஒரு மணி. தொப்பியும் இரட்டை வண்ணச் சப்பாத்துமாக வந்து நின்ற ஜாஸ் சங்கத்து ஆண்கள் எல்லோரும் ஒரே குரலில் முனகினார்கள். சொந்தத் தகப்பனைப் புதைத்த அன்றுகூட அவர்களில் பலர் அப்படி முனகியதில்லை.

பியானோ வாசிக்கும் கிழவர் ஸெப் மக்காத்தோ முப்பது வருடத்துக்குப் பிறகு ஒரு புதிய தட்டு வெளியிடப் போகிறார். கடைக்கு வர இன்னும் ஒரு மாதம் ஆகும். அச்சு சரியாக விழுகிறதா என்று பார்க்க ஆலையில் முதலில் அடித்த சோதனைத் தட்டுகளில் ஒன்றை, தான் இளவயதில் வாசித்த சங்கம் என்ற பாசத்தில் அவர் இவர்களுக்கு அனுப்பி வைத்திருந்தார். இவர்கள் கொஞ்ச நாளாக வேறு எதையும் பேசவில்லை. பெண்டாட்டிகள் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. இன்று அதைக் கேட்கத்தான் கூடியிருந்தார்கள்.

ஒன்றரை மணிக்கு சார்ஜெண்ட் மபூலா செக்கொபேலா போலீஸ் வேனிலிருந்து இறங்கினாள்.

மபூலாவுக்கு இந்தக் கூட்டத்தைக் கண்டாலே ஆகாது. அவளுடைய அப்பாவும் இந்த ரகம்தான். அவள் பள்ளிக்கூடச் சப்பாத்தில் ஓட்டை விழுந்த மாதத்திலும் தவறாமல் தட்டு வாங்கியவர். கொண்டுவந்த தட்டைக் கொல்லைப்புறத்தில் வைத்து மகளிடம் கொடுப்பார். அம்மா கண்ணில் படுவதற்குள் விலை ஸ்டிக்கரை அவள் நகத்தால் உரித்துவிட வேண்டும். பிளாஸ்டிக் உறையின் மேல் ஒட்டியிருந்தால் முழுசாக வந்துவிடும். பிளாஸ்டிக் போடாத அட்டையில் ஒட்டியிருந்தால் அட்டையும் கிழியும், அவள் முதுகும் பழுக்கும். சங்கீதத்தைப் பற்றி அப்பாவிடம் அவள் கற்றது அவ்வளவுதான்.

"யாரு போன் பண்ணினது?"

"நான்தான்," என்றார் தலைவர். ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். எதிரில் யார் நின்றாலும் ஐந்தாம் வகுப்புப் பையனிடம் பேசுகிற மாதிரிதான் பேசுவார். "திருடி யாருன்னு நாங்களே கண்டுபிடிச்சாச்சு. நீங்க கூட்டிட்டுப் போனா போதும்."

அவர் விரல் சமையலறை வாசலைக் காட்டியது. அங்கே கரண்டியோடு நின்றவள் திகெலெடி. வீடு அவளுடையது. பக்கவாட்டில் கார் நிறுத்தும் கொட்டகையைப் பெண்களுக்கான சலூனாக மாற்றி நடத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னறையைச் சங்கத்துக்கு விட்டு, இவர்களுக்குக் குடலும் களியும் பீட்ரூட்டும் சமைத்துப் போடுகிறாள். இன்று கண் சிவந்திருந்தது.

"காரணம்?"

"அலமாரிக்கு ரெண்டே சாவி. ஒண்ணு என் கழுத்துல. இன்னொண்ணு இவகிட்ட. காலைல பத்து மணிக்கு எல்லாருக்கும் ரெக்கார்டைக் காட்டிட்டு உள்ள வச்சுப் பூட்டினேன். பூட்டு உடையல. கணக்கு சரியா இருக்கா?"

"அக்கா, உங்க சாவி எங்க இருக்கும்?"

"சலூன்ல, கண்ணாடிக்குப் பக்கத்துல ஆணியில தொங்கும். இங்க யாருக்கு அது தெரியாது?" திகெலெடியின் குரல் நடுங்கியது, பயத்தில் அல்ல. "என் மெத்தையைப் புரட்டிப் போட்டாங்க. பொண்ணோட புத்தகப் பையைக் கவிழ்த்தாங்க. ஒண்ணும் கிடைக்கல. ஆனாலும் திருடி நான்தானாம். வெளிய வேலியோரம் பாருங்க, தெருவே கூடிடுச்சு. நீங்க என்னை அந்த வேன்ல ஏத்தினா, நாளைக்கு எவ என்கிட்ட வந்து தலையைக் குடுப்பா? கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

மபூலா வேலிப் பக்கம் பார்த்தாள். தெரு முழுக்கக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

"அவங்க வீட்டை மட்டும்தான் தேடினீங்களா?"

"எங்க பெட்டிகளையும் தேடியாச்சு," என்றார் தலைவர் வருத்தத்தோடு. "ஒவ்வொரு ரெக்கார்டையும் உறையிலேர்ந்து வெளிய எடுத்துப் பார்த்தோம். நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே."

அலமாரி நின்றது முன்னறைக்கும் சலூனுக்கும் நடுவிலிருந்த நடையில். காலையில் பன்னிரண்டு வரை சங்கம் முற்றத்தில் நின்று ஒருவர் சப்பாத்தை ஒருவர் மெச்சிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நடைப் பக்கம் போனவர்கள் மூன்று பேர். தொப்பியைச் சரிசெய்யக் கண்ணாடி தேடிப் போன தலைவர் ஒருவர். மற்ற இருவரையும் மபூலா கூப்பிட்டாள்.

முதலில் ஹோசியா. டாக்ஸி ஓட்டுபவன். அவன் தட்டுகளில் பாதி, எண்ணெயில் மிளகாய் போட்ட சத்தம் எழுப்பும். அத்தனை முறை போட்டுத் தேய்த்திருக்கிறான்.

"எதுக்குப் போனே?"

"போனுக்கு சார்ஜ் போட."

"காலைலேர்ந்து அந்தத் தட்டை ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லிக் கெஞ்சினியாமே?"

"கெஞ்சினேன். இப்பவும் கெஞ்சுவேன்," என்றான் ஹோசியா. "ஆனா எடுத்தா கேக்கணுமே, மேடம்? என்கிட்ட இருந்தா இந்நேரம் சத்தம் வந்திருக்காதா? எனக்கு அதை மூடி வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாது."

அது மபூலாவுக்கு நியாயமாகப் பட்டது. பட்டதை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்து கெய்ஃபஸ் ந்துலி. சவ அடக்கக் கடை முதலாளி. பால் நிற சூட்டு, மேலிருந்து கீழ்வரை ஒரு பொட்டு அழுக்கு கிடையாது. தட்டு சேர்த்தவன் செத்தால் இவர் அளவெடுக்க வருவார், திரும்பும்போது அவன் தட்டுப் பெட்டிகளும் இவர் வண்டியிலேயே ஏறும். மபூலாவின் அப்பாவுடையவையும் அப்படித்தான் போயின. அந்தப் பழைய எரிச்சலை அவள் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டாள். பிடிக்காத முகம் என்பதற்காக ஒருவனைப் பிடிக்க முடியாது.

"பெட்டியைத் திறங்க."

கெய்ஃபஸ் கைக்குட்டையை விரித்து, அதன் மேல் தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். எல்லாமே கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பிரியாதவை.

"இதையெல்லாம் எப்போ கேப்பீங்க?"

"கேக்கிறதா?" கெய்ஃபஸின் முகம் கோணியது. "பிரிச்சா அதோட மதிப்பு போச்சு, சார்ஜெண்ட். நான் சேகரிக்கிறவன். கேக்கிறவங்க ஊர்ல நிறைய இருக்காங்க."

சுற்றி நின்றவர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். மபூலா தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பினாள். சின்ன வயசுப் பழக்கம் போகவில்லை. அவள் நகம் தானாக விலை ஸ்டிக்கரைத் தேடிப் போனது. ஒன்றில் ஓரத்தில் தட்டி நின்றது. அடுத்ததிலும் நின்றது. நடுவில் ஒன்றில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. மீதியில் மறுபடி நின்றது. அவள் எல்லாவற்றையும் அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுங்களையும் பிரிச்சுப் பார்த்தீங்களா, தலைவரே?"

தலைவர் நெஞ்சில் கை வைத்தார். "சீல் உடைக்காத ரெக்கார்டை யாராச்சும் பிரிப்பாங்களா, மேடம்? அப்புறம், மூடின உறைக்குள்ள எப்படி ஒளிச்சு வைக்க முடியும்?"

"அதானே," என்றாள் மபூலா. "கெய்ஃபஸ் அண்ணன் சலூன் பக்கம் எதுக்குப் போனார்?"

பதில் திகெலெடியிடமிருந்து வந்தது. "பேன்ட்டுல இஞ்சிப் பானம் கொட்டிடுச்சுன்னு முடி காயவைக்கிற டிரையர் கேட்டார். கழட்டிக் காயவைக்கணும்னு உள்ளறைக் கதவைச் சாத்திக்கிட்டார். நான் எதுக்கு அங்க நிக்கப்போறேன்? அடுப்பைப் பார்க்க வந்துட்டேன்."

"பெட்டி?"

"கக்கூசுக்குப் போனாலும் அந்தப் பெட்டியைத் தூக்கிட்டுப் போற ஆளு. அதோடதான் போனார். திருப்பித் தரும்போது டிரையர்ல கருகின வாடை. பேன்ட்டு பொசுங்கிடுச்சான்னு கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டார்."

முன்னறையில் எல்லோரும் அவள் திகெலெடிக்கு விலங்கு மாட்டுவதற்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்குப் பசி வேறு.

"அக்கா, சலூன்லேர்ந்து ஒரு கத்தரிக்கோல் கொண்டு வாங்க."

கத்தரிக்கோல் வந்தது. மபூலா கெய்ஃபஸின் பெட்டியிலிருந்து ஒரு தட்டை உருவினாள். முனையை பிளாஸ்டிக்கில் வைத்தாள்.

அறையில் எழுந்த கூச்சலைக் கேட்டு வேலியோரம் நின்ற தெரு ஒரு அடி பின்வாங்கியது. "சார்ஜெண்ட்! அது சீல்!" என்று தலைவர் அலறினார். திகெலெடியின் மெத்தையைப் புரட்டியபோது இவர்களில் ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சத்தம் வரவில்லை என்பது மபூலாவுக்குத் தெரியும். அவள் நிதானமாக, ஓரம் முழுக்க, ஒரே கோடாக வெட்டினாள்.

அட்டையைச் சாய்த்ததும், நடுவில் வெற்று வெள்ளைத் தாள் ஒட்டிய கறுப்புத் தட்டு அவள் கைக்கு வந்தது. ஆலைச் சோதனைத் தட்டில் மட்டும்தான் அப்படி எழுத்தில்லாத தாள் இருக்கும்.

கூச்சல் நின்றது.

"திருடன் உறையை விட்டுட்டுத் தட்டை மட்டும் எடுத்திருக்கான்," என்றாள் மபூலா. "வெறுந்தட்டைக் கையில தூக்கிட்டுப் போனா கீறல் விழும். அது உங்க எல்லாருக்கும் தெரியும். அப்போ திருடினவன் வேற உறையைத் தயாரா கொண்டு வந்திருக்கான். திகெலெடி அக்கா விக்கிறதுக்கு எடுத்திருந்தா உறையோட எடுத்திருப்பாங்க. சரியா?"

அவள் கெய்ஃபஸ் பக்கம் திரும்பினாள்.

"இந்த சூட்டைப் பாருங்க. பால் நிறம். இஞ்சிப் பானம் கொட்டிக் காஞ்சா மஞ்சளா ஒரு வளையமாவது நிக்காதா? கொட்டவே இல்ல. இவர் சலூனுக்குள்ள போனது ஆணியில தொங்கின சாவிக்கு. டிரையர் துணிக்கு இல்ல, பிளாஸ்டிக்குக்கு. அட்டையைப் பிளாஸ்டிக் பையில போட்டுச் சூடு காட்டினா, பை சுருங்கி இறுக்கிப் பிடிச்சுக்கும். அதான் கருகின வாடை. நீங்க எல்லாரும் வீட்டைக் கவிழ்ப்பீங்க, சீலை மட்டும் தொடமாட்டீங்கன்னு இவருக்கு நல்லாத் தெரியும்."

"என் பெட்டில அத்தனை சீல் இருக்கு," என்றார் கெய்ஃபஸ். "இது மட்டும்னு எப்படி..."

"விலை ஸ்டிக்கர். பிளாஸ்டிக் ஆலையில போடுறது, ஸ்டிக்கர் கடைக்காரன் ஒட்டுறது. அதனால ஸ்டிக்கர் எப்பவும் பிளாஸ்டிக்குக்கு மேல இருக்கும், நகத்துல தட்டும். உங்க மத்த தட்டு எல்லாத்துலயும் தட்டுது. இதுல ஸ்டிக்கர் பிளாஸ்டிக்குக்கு உள்ள, அட்டை மேல ஒட்டியிருக்கு. கடைல வித்த பிறகு எவனோ பிளாஸ்டிக் போட்டிருக்கான். எங்க அப்பா தயவுல ஸ்டிக்கர் உரிச்சு உரிச்சே நான் வளந்தேன், கெய்ஃபஸ் அண்ணே. அவர் பெட்டியெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு?"

கெய்ஃபஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். ஹோசியாதான் கேட்டான், உண்மையிலேயே புரியாமல்: "ஏண்ணே? அடுத்த மாசம் கடைல எல்லாருக்கும் கிடைக்குமே!"

"கிடைக்கும். எல்லாருக்கும்," என்றார் கெய்ஃபஸ். அந்தச் சொல்லே அவருக்குக் கசந்தது. "மத்த சோதனைத் தட்டெல்லாம் ஆலையில போட்டுப் பார்த்தாச்சு. இங்க வந்த இது ஒண்ணுதான் முள்ளு படாதது. ஒருத்தன் காதும் தொடாதது. நீங்க போட்டுத் தேய்ச்சிருப்பீங்க. நான் காப்பாத்தினேன்."

"பாட்டையே பாட்டுக்கிட்டேர்ந்து காப்பாத்தியிருக்கார்," என்றாள் மபூலா. "எழுந்திருங்க."

அவர் கைகளைப் பின்னால் சேர்த்து விலங்கிட்டு வேனில் ஏற்றினாள். இந்த முறை தெரு வேறு ஆளைப் பார்த்து வாயைப் பிளந்தது. திரும்பி வந்தபோது தலைவர் சோதனைத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார்.

"மேடம், இது சாட்சியப் பொருளா போயிடுமா?"

"போகும். அதுக்கு முன்ன சேதம் ஆயிருக்கான்னு பார்க்கணும். போடுங்க."

அவ்வளவுதான். நடந்தது எல்லாம் நடக்காததாகிவிட்டது. தொப்பிகள் நேராயின. தலைவர் தட்டைத் துடைத்துச் சுழலவிட்டார். முள் இறங்கியது. பியானோவில் இரண்டு கட்டைகள் ஒலித்தன. பெரிய மனிதர்கள் கண்ணை மூடி, தனித்தனியாகக் கால் வழுக்கி ஆடத் தொடங்கினார்கள். ஒருவன்கூடச் சமையலறைப் பக்கம் திரும்பவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன் ஒரு பெண்ணைச் சிறைக்கு அனுப்பத் துடித்த முகங்களில் இப்போது அப்படி ஒரு தெய்வீகம்.

பாட்டு இழுத்துக்கொண்டு நின்றது.

திகெலெடி சுவரோரம் நின்றிருந்தாள். பிளக்கு அவள் கையில் இருந்தது.

"என் வீடு. என் கரண்ட்," என்றாள். "மெத்தையைப் புரட்டினவங்க, பையைக் கவிழ்த்தவங்க, என்னைத் திருடின்னவங்க, எல்லாரும் வாசலுக்கு வாங்க. தெரு பார்க்கத்தானே திருடின்னீங்க? தெரு பார்க்கவே தப்புன்னு சொல்லிட்டு உள்ள வாங்க."

"அது ஒரு சின்னத் தவறான புரிதல், திகெலெடி," என்று தலைவர் தொடங்கினார்.

"அப்போ வீட்டுக்குப் போய் ரேடியோ கேளுங்க."

ஹோசியா முதல் ஆளாக வெளியே ஓடினான். அவனுக்குப் பாட்டு வேண்டும், மானம் பிறகு. பின்னால் ஒவ்வொருவராக இரட்டை வண்ணச் சப்பாத்துகள் வாசலில் வரிசை கட்டின. தொப்பியைக் கழற்றி, வேலிப் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்து, ஒவ்வொருவராகச் சொன்னார்கள். முணுமுணுத்தவரை அவள் சத்தமாகச் சொல்ல வைத்தாள். கடைசியாக வந்த பள்ளி ஆய்வாளரை இரண்டு முறை சொல்ல வைத்தாள். வேலியோரத்தில் நின்ற ஒரு பெண் கை தட்டினாள். "திகெலெடி, செவ்வாய்க்கிழமை எனக்குப் பின்னல் போடணும்" என்று கத்தினாள்.

திகெலெடி உள்ளே போய்ப் பிளக்கைச் செருகினாள். முள்ளை அவளே தூக்கித் தட்டின் விளிம்பில் வைத்தாள், முதலிலிருந்து.

மபூலா ஒரு தட்டில் களியும் குடலும் வாங்கிக்கொண்டு வேனுக்குப் போனாள். உள்ளே கெய்ஃபஸ், கையால் பொத்த முடியாமல் தோளில் காதை அழுத்திக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி உட்கார்ந்திருந்தார். கிழவரின் பியானோ முற்றத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

அவள் வேனின் பின்கதவை அகலத் திறந்து வைத்தாள். படியில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள்.

"நல்லாத்தான் வாசிக்கிறார்," என்றாள். "கேளுங்க, கெய்ஃபஸ் அண்ணே. ரெண்டு பக்கமும் முடியட்டும், போகலாம்."