உறை பிரிக்காத நாற்காலி

ஹாலில் இருந்த பெரிய நாற்காலியின் பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் படிந்திருந்தது. வெளிப்பக்கமாக இருந்தால் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போயிருப்பாள். இது உள்ளே, சாய்மானத்தின் உச்சியிலிருந்து கைப்பிடிகள் வரை கூடாரம்போல் தொங்கிய உறையில், உட்கார்ந்திருப்பவருக்கு வாய் இருக்கும் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பனி படர்ந்தாற்போல் மங்கி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களிலிருந்து மெல்லச் சுருங்கித் தெளிந்தது.

அந்த ஹாலை மட்டும் பார்த்தவர்கள் அந்த வீட்டைத் தப்பாகத்தான் எடைபோட்டிருப்பார்கள். ஹாலில் சரவிளக்கு, சமையலறையில் தட்டினால்தான் எரியும் ஒரு குண்டு பல்பு. ஹாலில் தங்கச் சட்டமிட்ட ஆளுயரக் கண்ணாடி, அரக்கு நிற வெல்வெட் திரை, சுவரெங்கும் கொடியும் பூவுமாகப் புடைத்து நிற்கும் பிளாஸ்டர் வேலைப்பாடு, சிங்கக்கால் வைத்த சோபா. பின்னறையில் மூன்று பேருக்கு இரண்டு தலையணை.

கணவன் ஒரு ஃபர்னிச்சர் கடையில் விற்பனையாளன். விற்கும்வரை உறையைப் பிரிக்கக் கூடாது, விற்பவன் உட்காரக் கூடாது என்ற கடைச் சட்டங்கள் இரண்டையும் சம்பளத்தோடு சேர்த்து வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தான். தெருவில் அவனுக்கு மகாராஜா என்று பெயர். மகாராஜா சமையலறைப் படியில் குந்திக்கொண்டுதான் சாப்பிட்டார்.

அவளையும் சும்மா சொல்லக்கூடாது. சாயங்காலம் சரவிளக்கைப் போட்டதும் தங்கச் சட்டத்தில் ஒளி வழுக்கி இறங்கும். அப்போது வாசற்படியில் நின்று கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்வாள். பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் உட்காருபவள் மறைந்து, வேறு யாரோ நிமிர்ந்து நிற்பாள். அந்த வேறு யாரோவை அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த ஹால் பிடிக்காதவர் மாமனார் ஒருவர்தான். முட்டிவலி, கூடவே இருமல். நடையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்தான் அவருக்கு.

"ஏன்டா, ஒரே ஒரு தடவ சாஞ்சு உக்காந்துக்கறேனே."

"அது வர்றவங்களுக்குப்பா."

"யார்றா வரப்போறா? பால்காரன்கூட வாசல்லயே நின்னு ஊத்திட்டு ஓடிடறான்."

ஈரத்தைக் காட்டியபோது கணவன், "ஈரக்காத்துடி," என்றான். இரண்டு நாள் கழித்து இருக்கையே அமுங்கியிருந்தது. வெல்வெட்டில் அகலமான, வழுவழுப்பான குழி. உறைக்கு மேலேயே கை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. வெகுநாள் பூட்டிக் கிடந்த பீரோவைத் திறந்தாற்போல் ஒரு வாசனை.

அவன் பயப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? யாருக்கோ நம்ம ஹால் புடிச்சிருக்கு!"

"யாருக்குங்க?"

"இந்த நாற்காலிய ஆர்டர் குடுத்தவரு எடுத்துட்டுப் போக வரவேயில்லன்னு சொன்னேன்ல? அவராத்தான் இருக்கும். என்னா ரசனை தெரியுமா அவருக்கு!"

அன்றிலிருந்து உபசாரம் தொடங்கியது. இதுவரை உதடு படாத தங்க விளிம்புக் கோப்பையில் தேநீர். கடைக்குப் போகும்போதுகூடச் சீவாத தலையைச் சீவிக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பான். பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவே அவன் கடைக்குரல் அவளுக்குக் கேட்கும். "ஆமாங்க சார்... அசல் தேக்குங்க சார்..." பிறகு ஒரு இடைவெளி. யாரோ பதில் சொல்லி முடிக்கும் அளவுக்கு. அந்த இடைவெளியில் பிளாஸ்டிக் சரசரக்கும்.

குழாயை மூடிவிட்டுக் கேட்பாள். சரசரப்பும் நின்றுவிடும்.

ஹாலுக்குப் பொருந்தாதவை ஒவ்வொன்றாக வீட்டைவிட்டுப் போயின. காலண்டர். அவள் தையல் மெஷின். மாமனாரின் ஸ்டூல்.

"சாருக்கு இருமல் சத்தம் ஆகலயாம்," என்றான் ஒருநாள். "அப்பாவ அக்கா வீட்ல விட்டுட்டு வந்துடேன்."

"நாமளும் கூடவே போயிடலாம், வாங்க. எனக்கு இந்த வீட்ல மூச்சு முட்டுது."

"வந்தவர விட்டுட்டா? மரியாதையா இருக்குமாடி?" குரலைத் தாழ்த்தினான். அவன் கண்கள் நிறைந்திருந்தன. "சார் என்னை உக்காரச் சொல்லியிருக்காரு. எத்தன வருஷமா நிக்கறேன்... ஒருத்தர்கூட என்னைப் பாத்து உக்காருங்கன்னு சொன்னதில்ல."

நாள் முழுக்கப் பல்வலிக்காரர்களிடம் "உக்காருங்க, உக்காருங்க" என்று சொல்பவள், அதை அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

மறுநாள் மாமனாரை நாத்தனார் வீட்டில் விட்டாள். கிழவர் அவள் கையை விடவில்லை.

"அவனையும் கூட்டிட்டு வந்துரும்மா. கோவிச்சுக்கிட்டாலும் சரி, இழுத்துட்டு வா. சின்ன வயசுலேர்ந்தே எவனாவது ரெண்டு வார்த்தை பெருமையாப் பேசிட்டா போதும், பின்னாலயே போயிடுவான்."

"கூட்டிட்டு வந்துடறேன் மாமா."

அவள் திரும்பியபோது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. வீட்டுக்கதவு ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே சரவிளக்கின் கண்ணாடித் துண்டுகள் காற்றே இல்லாமல் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. பீரோ வாசனை வாசல்வரை வந்து நின்றது.

"என்னங்க?"

சரசரப்பு.

பெரிய நாற்காலி உறை இல்லாமல் இருந்தது. முதல்முறையாக. கழற்றிய உறை தரையில், மடிப்புக் கலையாமல். வெல்வெட்டில் ஆழமான குழி. கோப்பை காலி.

எதிரே சோபா. அதில் கணவன்.

முதுகு நிமிர்ந்திருந்தது. கைகள் முட்டிமேல். தலை படிய வாரியிருந்தது. உதட்டில் கடைச் சிரிப்பு.

தலையிலிருந்து கால்வரை பிளாஸ்டிக் உறை. புத்தம்புதியது. கணுக்காலருகே சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது, கடையில் கட்டுவதுபோலவே.

வாய்க்கு நேராகப் பனி படர்ந்தது. சுருங்கியது. படர்ந்தது.

ஓடிப்போய் மண்டியிட்டாள். முடிச்சைப் பிடித்தாள். நகம் வழுக்கியது. பல்லால் கடித்தாள். "எந்திரிங்க... என்னைப் பாருங்க... எந்திரிங்க!"

அவன் கண்கள் மட்டும் அசைந்தன. அவளைப் பார்த்தன. பிறகு பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தன. அங்கே இன்னொரு உறை. அவள் அளவுக்கு. வாய் விரித்து வைத்திருந்தது.

பனி படர்ந்தது. கொஞ்சம் சிறியதாக.

அவள் நிமிர்ந்தாள். சோபாவுக்குப் பின்னால் தங்கச் சட்டக் கண்ணாடி. அதில் அவள் முகம். முகத்துக்குப் பின்னால் பெரிய நாற்காலி. அதன் வெல்வெட்டில் விழுந்திருந்த குழி, கனத்த ஆள் ஒருவர் நிதானமாக எழுந்துகொள்வதுபோல, மெல்ல, மெல்ல நிரம்பி மேலே வந்தது.