உள்காற்று

காலை பதினொரு மணிக்கு, கண் கூசும் வெயிலில், சாம்பல் நிறப் பழைய கார் ஒன்று பட்டறைக்குள் வந்து நின்றது. நான்கு கண்ணாடிகளும் கீழே இறங்கியிருந்தன. முன் இருக்கையில் இருந்த பெண் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு தலையை வெளியே நீட்டியிருந்தாள். வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்து இறங்கி, பழைய டயர்கள் அடுக்கியிருந்த மூலைக்கு ஓடினாள்.

வாந்தி எடுக்க வயிற்றில் ஒன்றும் இல்லை. வெறும் மஞ்சள் தண்ணீர்தான் வந்தது.

பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். அவள் அவருக்கு ஒரே தங்கை. கார் ஏசி பழுது பார்ப்பதில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வண்டிக்குள் தலையை விட்டதுமே மூக்கால் நோயைச் சொல்லிவிடுவார். அதனால் எல்லாருக்கும் அவர் மூக்கர். அவர் மனைவிக்கும்தான், அவர் காதில் விழாத தூரத்தில்.

"என்ன பாப்பா, இன்னிக்கும் ஒண்ணும் தங்கலையா?"

"தண்ணிகூட தங்கலண்ணா. எல்லாம் இந்த வண்டிதான். யாரோ என் மூஞ்சிக்கிட்ட வாயைத் தொறந்து வச்சிக்கிட்டே வர்ற மாதிரி இருக்கு."

ஸ்டியரிங்கை விட்டு இறங்கிய அவள் கணவன் சிரித்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். "மசக்கைதான் மச்சான். நேத்து என் சட்டை நாறுதுன்னா. முந்தாநாள் என் தலை நாறுதுன்னா. இன்னும் ரெண்டு நாள் போனா ஆளே நாறுறேன்னுடுவா."

"அதை இவரு பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே நான் சொல்லிட்டேன். அண்ணன்தான் கேக்கல" என்றாள் அவள், வாயைத் துடைத்துக்கொண்டே.

மூக்கரும் சிரித்தார். ஆனால் அவள் கன்னத்து எலும்பைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

போன வருடம் அவளுக்கு மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோனது. வேலைக்குப் பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போனதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். இந்த முறை அதனால்தான் கார் வாங்கினார்கள். இப்போது ஐந்தாம் மாதம். வயிறு ஏற வேண்டிய நேரத்தில் ஆள் இறங்கிக்கொண்டே போனாள். வருகிற புதன்கிழமைக்குள் எடை ஏறாவிட்டால் குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

இரண்டு மாதமாக அவள் நாற்றம், நாற்றம் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். எல்லாரும் மசக்கை என்று தள்ளினார்கள். நாற்றத்தாலேயே பிழைப்பு நடத்தும் அண்ணனும்கூட.

அன்றைக்குத்தான் மூக்கர் அந்தக் காருக்குள் தலையை விட்டார்.

எலி செத்துக் கிடந்தால் அவருக்குத் தெரியும். தரைவிரிப்பு ஈரத்தில் ஊறியிருந்தால் தெரியும். இது இரண்டும் இல்லை. நெருங்கி நின்று பேசும் ஒருவரின், பல நாள் துலக்காத வாய். சொத்தைப் பல்லில் சிக்கி அழுகிய சோறு. நாக்கில் தடித்துப் படிந்த மாவு. அதற்கும் கீழே, இனிப்பாக ஏதோ ஒன்று.

மூக்கர் தலையை வெளியே எடுத்தார்.

"இது மசக்கை இல்ல மாப்பிள்ள."

தங்கையை எதிரே இருந்த தையல்கடையில் உட்கார வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். வடிகட்டியை எடுத்துப் பார்த்தார். புதிதாக, வெள்ளையாக இருந்தது. காருக்கு அடியில் படுத்து, ஏசித் தண்ணீர் சொட்டும் குழாயில் கம்பியை விட்டார்.

சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வாருங்கள் கண்ணுகளா. கதை எங்கும் ஓடிவிடாது.

அடைப்பு விட்டதும் குழாயிலிருந்து தண்ணீர் வரவில்லை. கொழகொழவென்று, பச்சையும் மஞ்சளுமாக, நூல் நூலாக இழுபட்டுக்கொண்டு ஒரு கட்டி இறங்கி அவர் மணிக்கட்டில் விழுந்தது. ஏசியிலிருந்து வருவது எதுவானாலும் சில்லென்று இருக்க வேண்டும்.

இது வெதுவெதுப்பாக இருந்தது.

சளி.

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினார். மணிக்கட்டைச் சட்டையில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பழைய வண்டிகளில் ஏசிக்கு இரண்டு வழி உண்டு. வெளியே இருந்து புதுக்காற்றை இழுப்பது ஒன்று. உள்ளே இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பச் சுற்ற விடுவது மற்றொன்று. வெளிக்காற்று, உள்காற்று என்பார்கள் பட்டறையில். இரண்டுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு மடல். அதை இழுப்பதற்கு ஒரு சின்ன டப்பா, டப்பாவுக்குள் ஒரு ரப்பர் சவ்வு. இஞ்சின் ஓடும்போது ஒரு மெல்லிய குழாய் வழியாக அந்தச் சவ்வை உறிஞ்சும், மடல் நகரும். இஞ்சின் நின்றால் எல்லாம் நின்றுவிடும். இந்த வண்டியில் பொத்தானை வெளிக்காற்றில் வைத்தாலும் உள்காற்றுதான் வருகிறது என்று மாப்பிள்ளை சொன்னான். அப்படியென்றால் டப்பாதான் பழுது.

மூக்கர் சீட்டுக்கு முன்னால் இருந்த சாமான் பெட்டியைக் கழற்றி, டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தார்.

மடல் திறந்தது.

மூடியது.

சற்றுப் பொறுத்து, மறுபடி திறந்தது.

"மாப்பிள்ள, வண்டி ஓடிக்கிட்டா இருக்கு?"

"சாவி என் கையில இருக்கு மச்சான்."

மடல் மூடியது. மூடும்போதெல்லாம் அந்த நாற்றம் மெல்ல ஒரு முறை முகத்தில் பட்டது.

மூக்கர் தலையைத் திருப்பாமலே கேட்டார். "இது முன்னாடி யார் வண்டி?"

"ஒரு பெரியவருது. அதிகம் ஓட்டல. நல்லா வச்சிருந்தாரு."

"ஓட்டாம என்ன செஞ்சாரு?"

மாப்பிள்ளை தையல்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வீட்ல யாரும் அவரை அண்ட விடல போலருக்கு. வாய்ல ஏதோ புண்ணு. புரையோடிப் போச்சாம். நாறுதுன்னு சொல்லிச் சொல்லி... மனுஷன் வண்டிக்குள்ளயே ஏசியைப் போட்டுக்கிட்டுப் படுத்துப்பாராம். ஒருநாள் எழுந்திரிக்கல. கண்ணாடியெல்லாம் சாத்தியிருந்திச்சு. நாலு நாள் கழிச்சுத்தான் பாத்திருக்காங்க."

"என்ன மாசம்?"

"நல்ல கோடை மச்சான்."

"பாப்பாவுக்குத் தெரியுமா?"

"சொன்னா ஏறுவாளா? நல்லா கழுவித்தானே குடுத்தாங்க."

"வெளியத்தான் கழுவுவாங்க மாப்பிள்ள. உள்ளயும் புகுந்து கழுவுவாங்களா?"

அதற்கு மேல் திட்ட அவருக்கு நேரமில்லை. தங்கை தையல்கடை வாசலில் மறுபடி குனிந்து நின்றிருந்தாள்.

டப்பா நல்லதா கெட்டதா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. அதன் முனையில் ஒரு துண்டுக் குழாயைச் செருகி, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சுவார். சவ்வு நன்றாக இருந்தால் மடல் இழுபடும், குழாய் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். கிழிந்திருந்தால் ஒட்டாது. அதற்கென்று ஒரு கைப்பம்பு யாரோ கொடுத்து, பிரிக்காமலேயே கிடந்தது. என் நாக்குக்குத் தெரியாததா அதுக்குத் தெரியப் போகுது என்பார். ஆயிரம் வண்டிக்கு அப்படித்தான் பார்த்திருந்தார். அன்றைக்கும் கை தன் பழக்கத்தில் ஓடிவிட்டது. குழாயைச் செருகி, முனையைச் சட்டையில் துடைத்து, வாயில் வைத்த பிறகுதான் அந்த மனுஷனின் புண் ஞாபகத்துக்கு வந்தது.

அதற்குள் உறிஞ்சிவிட்டார்.

மடல் இழுபட்டு நின்றது. குழாய் நாக்கில் கப்பென்று ஒட்டிக்கொண்டது.

சவ்வு நன்றாகத்தான் இருக்கிறது என்று மாப்பிள்ளைக்குக் கையால் சைகை காட்டினார். பிறகு குழாயை எடுக்கப் பார்த்தார்.

வரவில்லை.

அவர் உறிஞ்சுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

அந்தப் பக்கம்தான் நிறுத்தவில்லை.

நாக்கு குழாயின் வாய்க்குள் நீண்டு கொடுத்தது. எச்சில் எல்லாம் வற்றி இழுபட்டது. அப்புறம் அந்த இழுப்பு சட்டென்று நின்றது. ஒரு கணம் ஒன்றுமில்லை.

பிறகு அது மூச்சு விட்டது.

நீளமாக. வெதுவெதுப்பாக. ஈரமாக. பட்டறைக்காரரின் வாய் முழுக்க, மூக்கின் உள்பக்கம் முழுக்க, தொண்டைக்கும் கீழே. சீழும் மருந்தும் கலந்த ஒரு புளிப்பு. கொழகொழப்பாக ஏதோ ஒன்று நாக்கின் மேல் ஊர்ந்து போனது. துப்பத்தான் நினைத்தார். தொண்டை அவரைக் கேட்காமலேயே விழுங்கிவிட்டது.

குழாய் தானாகக் கழன்று விழுந்தது. அவர் மண்டியிட்டு ஓங்கரித்தார். ஒன்றும் வரவில்லை. விரலை உள்ளே விட்டார். நகத்தில் ஒரு மயிர் சிக்கியது. இழுக்க இழுக்க வந்தது. நரைத்த, ஒரு சாண் நீள, பிசுபிசுத்த மயிர்.

"என்ன மச்சான், என்ன ஆச்சு?" மாப்பிள்ளை பயந்துபோய்த் தோளைத் தொட்டான்.

மூக்கர் கையை உதறினார். டார்ச்சை எடுத்து மடலைப் பார்த்தார். அது ஆடாமல் அசையாமல், செத்த பிளாஸ்டிக்காக இருந்தது.

புது டப்பா மாட்டினார். பொத்தானை அழுத்தியதும் மடல் சொன்னபடி கேட்டது. வெளிக்காற்று, வெயிலும் தூசியுமாக உள்ளே வந்தது. கழற்றிய டப்பாவை வெட்டிப் பார்த்தார். சவ்வு ஓரத்திலிருந்து ஓரம்வரை கிழிந்து, பழந்துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதில் யாரும் எதையும் உறிஞ்ச முடியாது. அது யார் நாக்கையும் பிடிக்க முடியாது.

தங்கை தயங்கித் தயங்கி ஏறினாள். முகர்ந்தாள். கண்ணாடிகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது தையல்காரம்மா கொடுத்த வாழைப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தாள். "போயிடிச்சுண்ணா" என்று அங்கிருந்தே கத்தினாள். மூக்கர் குழாயடியில் வாய் கொப்பளித்துக்கொண்டே கையை ஆட்டினார்.

அன்று ராத்திரி அவர் மனைவி சாப்பாட்டை வைத்துவிட்டு எட்டிப் போய் உட்கார்ந்தாள். "என்னத்தைத் தின்னுட்டு வந்தீங்க?" என்றாள். மறுநாள் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை பல் டாக்டரிடம் போனார். வாயைத் திறக்கச் சொன்ன டாக்டர், திறந்ததும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார். "பல்லு, ஈறு எல்லாம் சுத்தமா இருக்கு. எனக்கே புரியல" என்றார்.

மூக்கருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. ஊர் நாற்றமெல்லாம் கண்டுபிடிக்கிற மூக்கு, அதைத் தன்னுடையது என்றே ஏற்றுக்கொண்டுவிட்டது.

புதன்கிழமை நடுப்பகலில் அந்தச் சாம்பல் நிறக் கார் மறுபடி வந்தது. கண்ணாடிகள் சாத்தியிருந்தன. தங்கை இறங்கும்போதே சிரித்தாள். கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது.

"ஒண்ணரைக் கிலோ ஏறியிருக்கண்ணா. குழந்தை நல்லா இருக்குன்னுட்டாரு டாக்டர். நெஞ்சு துடிக்கறதைக் கேக்க வச்சாரு. உன்னாலதான்." கையை நீட்டிக்கொண்டு நேராக அவரிடம் வந்தாள்.

அவருக்கும் கண் நிறைந்துவிட்டது. "பாப்பா" என்று சொல்ல வாயைத் திறந்தார்.

அவள் நின்றுவிட்டாள். சிரிப்பு அப்படியே இருக்க, மூக்கு மட்டும் சுருங்கியது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. கை வயிற்றுக்குப் போனது. திரும்பிக் காரைப் பார்த்தாள்.

மூக்கருக்கு அப்போதுதான் புரிந்தது.

சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். ஒரு கையால் வாயைப் பொத்தினார். மறு கையால் மூக்கை அழுத்திப் பிடித்தார்.

"என்னண்ணா? பல்லு வலியா?"

ஆமாம் என்று தலையாட்டினார். போ, போ என்று முழங்கையால் சைகை காட்டினார். அவள் கார்க் கதவைத் திறந்தாள். "சாயங்காலம் போன் பண்றேன், என்ன?" என்றாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கார் மெதுவாகப் பின்வாங்கித் தெருவில் இறங்கியது.

அது தெருமுனை திரும்பும்வரை அவர் மூச்சு விடவில்லை.

சட்டைக்குள் நெஞ்சு மட்டும், நிதானமாக, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.