ஒற்றைக்கால் தடம்

வெல்வெட் பெட்டிகளுக்கு நடுவே பிணம் குப்புறக் கிடந்தது.

நகைக்கடைக்காரர் லூகாச்.

பின்மண்டையில் உறைந்த ரத்தம். பக்கத்தில் வெண்கல மெழுகுவர்த்தித் தாங்கி!

பின்சுவரில், கை எட்டாத உயரத்தில், சின்ன ஜன்னல் ஒன்று உடைந்திருந்தது. வெளியே பனியில் பெரிய பூட்ஸ் தடங்கள். ஏணி வைத்த அடையாளமே இல்லை.

புடாபெஸ்ட் இன்ஸ்பெக்டர் போர்பாலா நிமிர்வதற்குள் வாசலில் ஒரு குரல்.

"நான்தான் மேடம்."

சிலார்ட்!

பனித்தரையில் ஆணும் பெண்ணுமாய் ஆடும் ஜோடி ஸ்கேட்டிங்கில் ஐரோப்பாவையே ஜெயித்தவன். அப்புறம் இரண்டு திருட்டு வழக்குகள்... இரண்டு முறை சிறை.

அவனுக்குப் பின்னால் எனிக்கோ. அவனுடைய பழைய ஜோடி. போட்டியில் அவன் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றியபோது விழுந்து, மண்டை உடைந்து, அதோடு ஆட்டத்தை விட்டவள்.

"இது மூணாவது கேஸ், சிலார்ட்," என்றாள் இன்ஸ்பெக்டர். "அதுவும் கொலை. இனி வெளியே வரவே மாட்டே."

"தெரியும்."

"அந்த ஜன்னல்ல உன் தோள் நுழையுமா?"

சிலார்ட் தோள்களைக் குறுக்கிக்கொண்டான்.

போர்பாலா இருவரையும் பின்பக்கம் அழைத்துப் போனாள். பூட்ஸ் தடங்களுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சின்னத் தடம். வலது கால். பின்னோக்கி வழுக்கியிருந்தது.

"வர்றப்பவும் போறப்பவும் அவளைத் தூக்கிட்டே நடந்திருக்கே. ஜன்னல்லேருந்து இறக்கினப்ப மட்டும் ஒரு நொடி தரையில விட்டுட்டே. மத்தவங்க ரெண்டு காலையும் ஊன்றுவாங்க. இவ ஒத்தைக்கால்ல இறங்கிப் பின்னால வழுக்கியிருக்கா. ஸ்கேட்டிங்ல தாவி இறங்குறது அப்படித்தான். பழக்கதோஷம்."

எனிக்கோ வலது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அவளை விட்டுடுங்க மேடம்," என்றான் சிலார்ட். "நான்தான் அடிச்சேன்னு சொல்றேன்ல?"

"போதும்டா." எனிக்கோ முன்னால் வந்தாள். "மேடம், முதல் ரெண்டு திருட்டும் என்னோடதுதான். என்னைக் கீழே போட்ட பாவத்துக்காக இவன் உள்ளே போனான்."

"நான்தானே உன்னைக் கீழே போட்டேன்?"

"இல்லடா... நீ கெட்டியாத்தான் பிடிச்சிருந்தே. எனக்குப் பயம் வந்துடுச்சு. நான்தான் கையை உருவிக்கிட்டேன்."

தூரத்தில் ட்ராம் மணி ஒலித்து அடங்கியது.

"அப்ப நான் ஜெயில்ல கிடந்ததெல்லாம்?"

"சொல்லிடணும்னுதான் பார்க்க வருவேன். உன் முகத்தைப் பார்த்தா வாய் வராது."

சிலார்ட் நீண்ட நேரம் அந்தத் தடத்தையே பார்த்தான். பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினான்.

"வாக்குமூலத்தை மாத்திக்கிறேன் மேடம். தூக்கினது நான். அடிச்சது அவ."

"தாராளமா மாத்திக்கோ."

போர்பாலா ஒரே விலங்கை எடுத்து இருவர் கைகளையும் சேர்த்துப் பூட்டினாள்.

"ஆனா உங்க ஆட்டத்துல ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மார்க்தானே போடுவாங்க?"