ரக்கூன், குடை, சோப்பு, ஏணி, பீச்

டாலியாவின் அப்பா பின்னோக்கி ஓடுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்.

புதுப் பள்ளியில் இதைச் சொன்னால் யாரும் உடனே நம்புவதில்லை. ஆனால் அது உண்மைதான். அமெரிக்கக் கால்பந்தில் அவர் ஒரு கார்னர். எதிரணியின் மிக வேகமான ஆள் பந்தைப் பிடிக்க ஓடி வருவான். அப்பா அவனைப் பார்த்தபடியே பின்னால் ஓட வேண்டும். அவன் திரும்பினால் திரும்ப வேண்டும். பந்து வந்தால் தட்டிவிட வேண்டும். தட்ட முடியாவிட்டால் அவனை மோதித் தரையில் சாய்க்க வேண்டும்.

வீட்டிலும் அதே பழக்கம்தான். குளிர்பெட்டியிலிருந்து பாலை எடுத்துக்கொண்டு பின்னோக்கியே மேசைக்கு வருவார். ஒரு சொட்டுகூடச் சிந்தாது.

"கார்னருக்கு ரெண்டு விஷயம் வேணும்," என்பார். "நல்ல கால், மோசமான ஞாபகம். பந்தை விட்டுட்டா அந்த நிமிஷமே மறந்துடணும். இல்லேன்னா அடுத்த பந்தும் போயிடும்."

எழுத்துக்கூட்டல் போட்டியின் முதல் சுற்றிலேயே டாலியா வெளியேறியபோதும் அவர் இதைத்தான் சொன்னார். "மறந்துடு டாலி. அடுத்த பந்து."

அந்த ஆகஸ்ட் மாதம் அப்பாவின் மறதி கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

அன்று நீச்சல் வகுப்பு முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். டாலியா ஈரத் தலையோடு வாசலில் நின்றாள். வாசலைப் பூட்ட வந்தவர், "வீட்டுல யாராவது இருக்காங்களாம்மா?" என்று இரண்டாவது முறையாகக் கேட்டபோதுதான் அப்பாவின் வண்டி வந்தது. பின்னிருக்கையில் தம்பி மைக்கா வாய் முழுக்கப் பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு நான்கு வயது.

"நாங்க ஊரையே சுத்திப் பாத்தோம்!" என்றான் மைக்கா.

"வழியில ஒரே நெரிசல்," என்றார் அப்பா.

தெருவில் ஒரு வண்டிகூட இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் அப்பா மெதுவாகச் சொன்னார். "உண்மைய சொல்லவா? அந்தச் சிவப்புக் கட்டடத்தைத் தேடிக்கிட்டிருந்தேன்."

டாலியா திரும்பிப் பார்த்தாள். சிவப்புக் கட்டடத்தில் இருந்தது ஃபுளோரிடாவின் நீச்சல்குளம். அவர்கள் ஃபுளோரிடாவை விட்டு ஒஹையோ வந்தே இரண்டு வருடம் ஆகிவிட்டது.

"அம்மாகிட்ட சொல்லாத, செல்லம். செவ்வாய்க்கிழமை வரைக்கும்." டாலியா தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை என்றால் என்னவென்று டாலியாவுக்குத் தெரியும். அன்றைக்குத்தான் அணியில் யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்று முடிவு செய்வார்கள். தொப்பி போட்ட ஒருவர் வந்து கதவைத் தட்டுவார். எல்லா ஊரிலும், எல்லா அணியிலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "பயிற்சியாளர் உன்னப் பாக்கணுமாம். டேப்லெட்டையும் எடுத்துட்டு வா."

ஆட்டத் திட்டங்கள் எல்லாம் அந்த டேப்லெட்டில்தான் இருக்கும். அதைத் திருப்பிக் கேட்டால் வேலை போய்விட்டது என்று பொருள். வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை.

அப்பாவிடம் அப்படி மூன்று தடவை கேட்டிருக்கிறார்கள். கல்லூரி முடித்தபோது எந்த அணியும் அவரைப் பெயர் சொல்லி எடுக்கவில்லை. சும்மா வந்து ஓடிப் பார்க்கச் சொன்னார்கள். ஓடினார். பதினோரு வருடமாக ஓடிக்கொண்டே இருக்கிறார். அதனால்தான் டாலியா படிப்பது நான்காவது பள்ளி. இப்போது அப்பாவுக்கு முப்பத்து மூன்று வயது. அணியில் புதிதாக வந்த பையன்கள் அவரைத் 'தாத்தா' என்று கூப்பிடுகிறார்கள்.

"சரி, கேளு," என்றார் அப்பா. பேச்சை மாற்ற அவருக்கு அதுதான் வழி.

அது அவர்களுடைய பழைய விளையாட்டு. டாலியா "சாவி" என்பாள். அப்பா உடனே, "சாவி, ரொட்டி, மேகம், ஆணி, குதிரை!" என்று ஒரே மூச்சில் பாடுவார். "பூட்ஸ்" என்றால், "பூட்ஸ், ஏரி, மெழுகு, தபால், கோழி!" இப்படி இன்னும் சில வரிசைகள் இருந்தன.

ஆட்டத்தில் தலையில் அடிபட்டால், மைதான ஓரத்தில் மருத்துவர் இப்படி ஐந்து சொற்களைச் சொல்வார். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார். சொல்ல முடியாவிட்டால் ஆட முடியாது. அப்பா எத்தனையோ ஆட்டங்களில் அந்த வரிசைகளைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டார். சின்ன வயதில் டாலியா அதைப் பாட்டு என்றே நினைத்திருந்தாள்.

அன்றும் அப்பா எல்லா வரிசையையும் தப்பில்லாமல் சொன்னார். சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுத் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

"அப்பா! வீடு!" என்று கத்தினான் மைக்கா.

ஞாயிற்றுக்கிழமை குயின்ட் மாமா வந்தார். அவரும் அதே அணிதான். மைதானத்தில் அப்பாவுக்குப் பின்னால் கடைசிக் காவலாக நிற்கிற ஆட்டக்காரர். கொல்லையில் அடுப்பு மூட்டி விலா எலும்புக் கறியைச் சுட்டார்கள்.

"ரெனீ, உன் புருஷன் போன ஆட்டத்துல என்ன பண்ணான் தெரியுமா?" என்று குயின்ட் மாமா அம்மாவைக் கூப்பிட்டார். "ஒருத்தன் முழங்காலு இவன் ஹெல்மெட்ல பட்டுச்சு. எழுந்தான், நேரா எதிரணி பெஞ்சுக்கு நடக்கறான்! நான்தான் தோளப் பிடிச்சுத் திருப்பிவிட்டேன்."

"அங்க தண்ணி நல்லாருக்கும்னு சொன்னாங்க," என்றார் அப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "டாக்டர் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. அஞ்சும் சொன்னேன். அஞ்சுக்கு அஞ்சு."

குயின்ட் மாமாவும் சிரிப்பை நிறுத்தியதை டாலியா கவனித்தாள்.

அவர் கை கழுவப் போனபோது பின்னாலேயே போனாள். "மாமா, தலையில ரெண்டாவது தடவ அடிபட்டா என்ன ஆகும்?"

அவர் குழாயை மூடாமலே நின்றார். "எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். இருக்கான். நானும் அவனும் ஒரே ரூம். இப்ப போனா என்னையே 'சார்'ங்கறான். அவன் பொண்ணையும் 'வாங்க மேடம்'ங்கறான்."

"அப்ப நீங்க அப்பாகிட்ட சொல்லுங்களேன்."

"நான் எப்படி சொல்ல? அவன் போனா என் எடம் பத்திரமாயிடும். அதுக்காகத்தான் சொல்றேன்னு நினைப்பான்." அவர் கையைத் துடைத்தார். "நினைக்காட்டியும், நான் அப்படி நினைச்சுக்குவேன்."

வெள்ளிக்கிழமை கடைசிப் பயிற்சி ஆட்டம். அதில் நன்றாக ஆடினால்தான் அப்பா அணியில் இருப்பார். அதில் இன்னொரு முழங்கால் பட்டால்?

டாலியா யோசித்தாள். அம்மாவிடம் சொல்லலாம். ஆனால் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டியாகிவிட்டது. தலையாட்டியது சத்தியம் ஆகுமா என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. சரி, சொல்லியேவிட்டால்? அப்பா சிரித்துக்கொண்டே மருத்துவரிடம் போவார். "சாவி, ரொட்டி, மேகம்" என்று பாடுவார். அஞ்சுக்கு அஞ்சு. எல்லாரும் நம்பிவிடுவார்கள். அப்பாவே நம்பிவிடுவார்.

அவர் நம்புவதுதான் பெரிய தொல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை காலை. அப்பா அடுப்படியில் பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தார். மைக்கா கரண்டியால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான். அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கேளு, டாலி," என்றார் அப்பா. "நாளைக்கு ஆட்டம். சூடேத்திக்கலாம்."

டாலியா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ராத்திரி ரக்கூன் வந்து குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தது. பக்கத்தில் குடை கிடந்தது, சுவரில் ஏணி சாய்ந்திருந்தது, உள்ளே குழாயடியில் சோப்பும் மேசையில் ஒரு பீச் பழமும் இருந்தன. அவள் கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னாள்.

"ரக்கூன், குடை, சோப்பு, ஏணி, பீச்."

அப்பா திரும்பினார். "இது எந்த வரிசை? புதுசாருக்கே."

"வரிசை இல்லப்பா. நானே சொன்னேன்."

"அடேங்கப்பா, டாக்டர் டாலியா!" பான்கேக்கைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். இன்னொரு கரண்டி மாவு ஊற்றினார். அது வேகும்வரை டாலியா காத்திருந்தாள்.

"இப்ப சொல்லுப்பா."

"எத?"

"அஞ்சு சொல்ல."

"ம்ம்..." அப்பா கரண்டியை உயர்த்திப் பிடித்தார். அதிலிருந்து எண்ணெய் சொட்டியது. "வந்து..."

"ரக்கூன்!" என்று கத்தினான் மைக்கா. "சோப்பு! குடை! ஏணி! எனக்குப் பான்கேக்!"

"பான்கேக் இல்லடா, பீச்," என்றாள் அம்மா. அவள் துணி மடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றார் அப்பா. இப்போது அவர் சிரிக்கவில்லை.

டாலியா மறுபடியும் மெதுவாகச் சொன்னாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. அடுப்பில் பான்கேக் கருகத் தொடங்கியது. யாரும் அதைத் தொடவில்லை.

"சோப்பு," என்றார் அப்பா. "சோப்பு... சாவி. சாவி, ரொட்டி, மேகம், ஆணி, குதிரை."

சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தார். என்ன சொன்னோம் என்று அவர் காதிலேயே விழுந்துவிட்டது. டாலியாவைப் பார்த்தார். டாலியா தலையைக் குனியவில்லை. குனியத்தான் நினைத்தாள், முடியவில்லை.

"எவ்வளவு நாளா?" என்றாள் அம்மா.

அப்பா அடுப்பை அணைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். கருகிய பான்கேக்கைத் தட்டில் எடுத்து வைத்து அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, குளிர்பெட்டியின் மேலிருந்த டேப்லெட்டைக் கையில் எடுத்தார்.

"எங்கப்பா போற?"

"பயிற்சியாளரப் பாக்கணும்."

"கூப்பிட்டாங்களா?"

"இல்ல. நானே போறேன்."

அவர் வாசலுக்கு நடந்தார். அம்மா குறுக்கே வந்து கையை நீட்டினாள்.

"சாவி," என்றாள்.

யாரும் "ரொட்டி" என்று சொல்லவில்லை. அப்பா சாவியை அவள் கையில் வைத்தார். அம்மாதான் வண்டியை ஓட்டினாள்.

அணியின் மருத்துவரிடம் அப்பா சொன்ன முதல் வாக்கியத்தை அம்மா பிறகு டாலியாவிடம் சொன்னாள். "உங்க வரிசையெல்லாம் எனக்கு மனப்பாடம். வேற ஏதாவது கேளுங்க."

வேறு கேட்டார்கள். தலையைப் படம் எடுத்தார்கள். மறுநாள் ஆட்டத்தில் அப்பா இல்லை. செவ்வாய்க்கிழமை வந்த பெயர்ப் பட்டியலிலும் இல்லை. இனி ஆடவே கூடாது என்று இரண்டு மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். செப்டம்பர் முழுவதும் அப்பா இருட்டறையில் படுத்திருந்தார். வெளிச்சம் பட்டால் தலை வலித்தது. மைக்கா கரண்டியால் தட்டினால் கத்தினார். ஒருநாள் தண்ணீர்க் குவளையைச் சுவரில் எறிந்தார். பிறகு தரையில் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கினார். அம்மா அவரைப் பொறுக்கவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவருடைய இருபத்தொன்பதாம் எண் சட்டையை இப்போது ஒரு புதுப் பையன் போட்டிருந்தான். அவன் நன்றாகவே ஆடினான். அது டாலியாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் அவள் இருட்டறைக் கதவருகே நின்றாள். "அப்பா. நான் கேக்காம இருந்திருந்தா, நீ இப்ப ஆடிட்டு இருப்பல்ல?"

"ஆமா," என்றார் அப்பா. அவர் அவளிடம் பொய் சொல்லவில்லை. பிறகு போர்வையை நகர்த்தி இடம் விட்டார். "வா, இங்க உக்காரு. சத்தம் போடாம."

டாலியா சத்தம் போடாமல் உட்கார்ந்தாள்.

அக்டோபரில் ஒருநாள் நீச்சல் வகுப்பு முடியும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. டாலியா வெளியே வந்தபோது, பூட்டுகிறவர் இன்னும் வரவில்லை. ஆனால் அப்பா வந்து நின்றிருந்தார். வண்டி இல்லை. நடந்தே வந்திருக்கிறார். தோளில் மைக்கா, கையில் குடை.

"எப்ப வந்தீங்க?"

"ரொம்ப நேரமாச்சு," என்றான் மைக்கா. "அப்பா ரெண்டு தடவ வழி கேட்டாரு. ஒரு தடவ நான் சொன்னேன். தப்பா சொன்னேன்."

மூன்று பேரும் ஒரே குடைக்குள் நடந்தார்கள். அப்பா முன்னோக்கித்தான் நடந்தார், அதுவும் மெதுவாக.

"குடை," என்றார் திடீரென்று.

"என்ன குடை?"

"அஞ்சுல ஒண்ணு."

டாலியா நின்றுவிட்டாள். "அது செல்லாது. கையிலயே வெச்சிருக்க."

"சரி, அத விடு. சோப்பு. அப்புறம்..." தெருமுனைக் குப்பைத் தொட்டியைத் தாண்டினார்கள். இன்னும் ஒரு வீடு தாண்டினார்கள். "ரக்கூன்!"

"ரக்கூன் செல்லும்!"

"இன்னும் ரெண்டு இருக்கில்ல?"

"சொல்லட்டுமா?"

"வேண்டாம். வீடு தூரமாத்தான இருக்கு. யோசிச்சுக்கிட்டே வர்றேன்."

தோளின் மேலிருந்து மைக்கா வாயைத் திறந்தான். டாலியா எம்பி அவன் வாயைப் பொத்தினாள்.