ஒன்பதாம் மேசையின் கரையாத கல்

திங்கட்கிழமை காலை 8.05. ஆரணியில் ஒரு பள்ளியின் கண்காட்சி அறையைத் திறந்த கன்னியம்மா, ஒன்பதாம் மேசையைப் பார்த்ததும் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டார்.

மேசைமேல் மீன்தொட்டி இருந்தது. தொட்டிக்குள் செங்கல் இருந்தது. செங்கலில் நட்ட சின்ன இரும்புக் கம்பியும் இருந்தது. கம்பியை ஒட்டி நிற்க வேண்டிய கல்லைத்தான் காணோம்.

கூடவே இன்னொரு கூத்து. சனிக்கிழமை மாலை டீ மாதிரி கலங்கிக் கிடந்த தொட்டித் தண்ணீர், இப்போது குடிக்கலாம் போலத் தெளிந்திருந்தது. சேறு முழுவதும் அடியில் படிந்திருந்தது. கல்லைத் திருட வந்தவன் தண்ணீரையும் சுத்தம் செய்துவிட்டா போனான்? இதைக் கேட்ட ஒருவருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பத்து மணிக்குத் திறப்பு விழா. தலைமையாசிரியர் தனசேகரன் நல்ல மனிதர்தான், ஆனால் அவசரம் வந்தால் அறிவை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர். அறைக்கு ஒரே பூட்டு. பூட்டுக்கு ஒரே சாவி. சாவி கன்னியம்மாவிடம். தனசேகரன் யோசித்தது அவ்வளவுதான். பிள்ளைகள் வரிசையாக நிற்கும் முற்றத்திலேயே கன்னியம்மாவின் பையை வாங்கித் தலைகீழாகக் கொட்டினார். சாப்பாட்டு டப்பா, சீப்பு, ரத்தக்கொதிப்பு மாத்திரை, பாதி வாழைப்பழம். கல் இல்லை. இருந்தும் போலீசுக்குப் போன் போட்டார்.

8.40. சப்-இன்ஸ்பெக்டர் பானுப்ரியா வந்தாள், கூட கான்ஸ்டபிள் குணா. பானுப்ரியா இந்த ஊர் நெசவுக் குடும்பத்துப் பெண். குழப்பம் வந்தால் பேனாவால் காதைச் சொறிவாள். ஒன்பதாம் மேசையைப் பார்த்த நிமிடத்திலிருந்து பேனா காதைவிட்டு இறங்கவில்லை.

முதலில் புவியியல் ஆசிரியை திலகவதி. மேசை அவருடைய ஏற்பாடு.

"என்ன கல்லுங்க அது?"

"ஸ்படிகம் மேடம். படவேடு பக்கம் கிணறு வெட்டறப்ப கிடைச்சுது. ஒன்பதாவது படிக்கிற லாவண்யாவோட அப்பா குடுத்தாரு. ஆறு பட்டை, மேல கூர்முனை. யாரும் தீட்டல, பூமிக்குள்ளயே அப்படி வளர்ந்தது."

"அதை எதுக்குச் சேத்துத் தண்ணில வச்சீங்க?"

"பாடமே அதுதான். மலைப் பாறை மழையில உதிர்ந்து, அதுல பாதி களிமண்ணா மாறிடும். ஸ்படிகத்தைத் தண்ணி ஒண்ணும் செய்ய முடியாது. நொறுங்கும், ஆனா கரையாது. ஆத்து மணல்ல பளபளன்னு மின்னுறது பெரும்பாலும் அதோட துகள்தான். அதான் 'கரையாத கல்'னு எழுதி வச்சேன். தண்ணி நம்ம கமண்டல நாகநதிலேர்ந்து புடிச்சாந்தது. அந்தக் களிமண் ரொம்ப நைஸ். நாள் கணக்குல அடங்காது."

"அடங்கிட்டுதே!"

"எனக்கும் அதான் மேடம் புரியல. மிச்சத் தண்ணி வெளிய வாளில இருக்குது, பாருங்க."

பானுப்ரியா எட்டிப் பார்த்தாள். அதே ஆறு, அதே நாள். வாளித் தண்ணீர் இன்னும் கலங்கலாகவே இருந்தது. அவள் தொட்டியைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், மறுபடி தொட்டியைப் பார்த்தாள்.

"மேடம், கல்லு ஆவியா போயிருக்குமோ?" என்றான் குணா.

"நீ கொஞ்சம் சும்மா இருப்பா."

8.55. கன்னியம்மா சுவரோரமாக நின்றிருந்தார். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக உதவியாளர். தேவிகாபுரத்தில் களை எடுக்கும் கூலிக் குடும்பம்; அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார். இந்த மாதம்தான் நிரந்தர உத்தரவு வருகிறது. திருட்டுப் பட்டம் விழுந்தால் வேலையோடு பெயரும் போய்விடும்.

"சாவியை யாருகிட்டயாவது குடுத்தீங்களாக்கா?"

"இல்ல மேடம். தூங்கறப்பகூட மடியிலதான்."

"சனிக்கிழமை பூட்டறப்ப கல்லு இருந்துதா?"

"முனை தண்ணிக்கு மேல நின்னுகினு இருந்துது. தொட்டியைத் துடைக்கறப்ப கைகூட பட்டுச்சு." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு சொன்னா சிரிக்காதீங்க. எப்ப தொட்டாலும் ஜில்லுனு இருக்கும். அன்னிக்கி அப்படி இல்ல."

"கல்லுக்குக் காய்ச்சலா?" என்றார் தனசேகரன்.

பானுப்ரியா சிரிக்கவில்லை. "அன்னிக்கி யாரு யாரு வந்தாங்க?"

"மூணு மணிக்கு டீச்சரு வூட்டுக்குப் போய்ட்டாங்க. அப்பால ஜெகநாதன் ஐயா வந்து மேசைக்குப் பின்னாடி பட்டுத் துணி கட்டினாரு. டீ வாங்கியாரச் சொன்னாரு, போனேன். அஞ்சு மணிக்கு அவரு போனதும் பூட்டிட்டேன். வேற யாரும் வரல."

9.10. ஜெகநாதனே வந்து சேர்ந்தார். பட்டு வியாபாரி, பெற்றோர் சங்கத் தலைவர், இன்றைக்கு நாடா வெட்டப் போகும் சிறப்பு விருந்தினர். நெற்றி நிறையத் திருநீறு.

"துணி நல்லா இருக்குங்களே," என்றாள் பானுப்ரியா.

"நம்ம பட்டறை சரக்கும்மா. மருந்து கிருந்து கெடையாது, மரப்பட்டையிலயே சாயம் போட்டது," என்றார் பெருமையாக. பிறகு குரலைத் தாழ்த்தினார். "விஷயம் கேள்விப்பட்டேன். நான் சனிக்கிழமை சாயங்காலமே காஞ்சிபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டேன். இன்னிக்கிக் காலைலதான் திரும்பினேன். பாவம், இல்லாதவ, ஆசைப்பட்டுட்டா. கேஸுன்னு பேஜார் வேணாம். ஜல்தியா வேலைய வுட்டு அனுப்பிட்டு விழாவை ஆரம்பிப்போம்."

"நான் எடுக்கல சார்!" கன்னியம்மாவின் குரல் உடைந்தது. "அந்தக் கல்ல வச்சுகினு நான் இன்னா பண்ணப் போறேன்?"

பானுப்ரியா சட்டைக் கையை மடித்துத் தொட்டிக்குள் கைவிட்டாள். கல் தட்டுப்படவில்லை. கம்பியைச் சுற்றி ஒரு பட்டு நூல் வளையம் மட்டும் தொங்கியது.

"டீச்சர், நூலு போட்டுக் கட்டியிருந்தீங்களா?"

"இல்லையே! களிமண் வச்சுத்தான் ஒட்டினேன்."

வளையம் அறுபடவில்லை, அவிழ்க்கப்படவும் இல்லை. அதை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தாள். முடிச்சு எங்கேயும் தட்டுப்படவில்லை. ஈர விரலை நுனிநாக்கில் வைத்தாள். துவர்ப்பில் முகம் கோணியது. பேனா முதல் முறையாகச் சட்டைப் பைக்குப் போனது.

9.20. வாளியின் கலங்கல் தண்ணீரை இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றச் சொன்னாள். ஒன்றில் மட்டும் தொட்டியின் தெளிந்த நீரை ஒரு கரண்டி விட்டுக் கலக்கினாள்.

"காத்திருப்போம்," என்றாள்.

"விழாவுக்கு நேரமாகுது மேடம்," என்று நெளிந்தார் தனசேகரன். விழாவைவிடக் குழப்பம் பெரிதாக இருந்ததால் யாரும் நகரவில்லை.

9.40. ஒரு டம்ளர் கலங்கியபடியே இருந்தது. கரண்டி நீர் விட்ட டம்ளரில் சேறு பூப்பூவாகத் திரண்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

திலகவதி வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, படிகாரம்!"

"படிகாரமேதான். கலங்கல் தண்ணில வீட்டுல போடுவோமே, அது. தொட்டில கரைஞ்சிருக்கறது அதுதான். அப்ப சனிக்கிழமை அஞ்சு மணிக்கு நின்னது ஸ்படிகம் இல்ல. அதே மாதிரி செதுக்கின படிகாரக் கட்டி. ரெண்டு ராத்திரி ஒரு பகல்ல அதுவா கரைஞ்சு போச்சு. பூட்டின ரூம்புக்குள்ள யாரும் நுழையல. நிஜக் கல்லு பூட்டறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. அது தொட்டா சில்லுனு இருக்கும், படிகாரம் அவ்ளோ சில்லுனு இருக்காது. கன்னியம்மாக்கா மட்டும்தான் அதைக் கவனிச்சாங்க, நீங்க கேலி பண்ணிட்டீங்க சார்."

"மாத்தினது யாரு?" என்றார் தனசேகரன்.

"மூணு மணிக்கு மேல ரூம்ல ரெண்டு பேருதான்." பானுப்ரியா நூல் வளையத்தைத் தூக்கிப் பிடித்தாள். "கட்டி சாயாம இருக்க நூலு கட்டியிருக்காங்க. நானோ நீங்களோ அவசரத்துல என்ன செய்வோம்? முடிச்சு போடுவோம். இதுல முடிச்சே இல்ல. ரெண்டு நுனியையும் சேர்த்து முறுக்கி விட்டிருக்கு. தறியில நீளவாட்டு நூலு, அதான் பாவு, முடிஞ்சா புதுப் பாவு நூலை இழை இழையா இப்படித்தான் பிணைப்பாங்க. முடிச்சு போட்டா, நூலு நுழையற அச்சுல மாட்டி அறுந்துடும். எங்க வீட்டுல எல்லாரும் இதைச் செய்வோம், எனக்கும் தெரியும். கன்னியம்மாக்கா களை எடுத்து வளர்ந்த கை, தறிப்பக்கமே போனதில்ல. மரப்பட்டைச் சாயம் நூலுல புடிக்கப் படிகாரம் வேணும், அந்தப் பட்டறைல அது மூட்டை மூட்டையா இருக்கும். ஜெகநாதன் சார், முதலாளி ஆகறதுக்கு முன்னாடி எத்தினி வருஷம் தறில உக்காந்தீங்க?"

ஜெகநாதன் தன் விரல்களையே பார்த்தார். பொய் சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. அந்த விரல்களை எங்கே ஒளிப்பது?

"பதினெட்டு வருஷம்," என்றார். "கல்லு பூஜை ரூம்ல பத்திரமா இருக்குது. ஸ்படிக லிங்கம் செய்யணும்னு வேண்டுதல். லாவண்யாவோட அப்பனை ரெண்டு தபா கேட்டேன், தரமாட்டேன்னுட்டான். சாமிக்குத்தான் மேடம் எடுத்தேன். இந்தம்மா மேல பழி போடணும்னு நான் நெனைக்கல."

"பூட்டின ரூம்புல பொருள் காணாமப் போனா, சாவி வச்சிருக்கறவங்கதான் மாட்டுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

குணா ஜெகநாதனை ஜீப்புக்கு அழைத்துப் போனான், கல்லை எடுத்து வர.

10.00. நாடா கட்டியாகிவிட்டது, வெட்ட ஆளில்லை. தனசேகரனுக்குக் கன்னியம்மாவின் முகத்தைப் பார்க்கக் கூசியது. கத்திரிக்கோல் இருந்த தட்டை அவரிடம் நீட்டினார்.

"நீயே வெட்டும்மா."

கன்னியம்மா தட்டைத் தொடவில்லை. "அது வேணாம் சார். எல்லார் எதிர்லயுந்தானே பையைக் கொட்டினீங்க? எல்லார் எதிர்லயும் சொல்லுங்க, நான் எடுக்கலன்னு."

முற்றத்தில் எழுநூறு பிள்ளைகள் நின்றிருந்தார்கள். தனசேகரன் மைக்கைப் பிடித்தார். தினமும் அரைமணி நேரம் பேசுகிறவர் அன்று இரண்டே வாக்கியம் பேசினார்.

"கல்லைக் கன்னியம்மா எடுக்கல. நான் செஞ்சது தப்பு."

கன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்வரிசைப் பக்கம் பார்த்தார்.

"இன்னொரு தபா சொல்லுங்க சார். எங்க ஊர்ப் புள்ளைங்க கடைசில நிக்குது, அதுங்க காதுல விழுந்திருக்காது."

தனசேகரன் மைக்கை வாயருகே இழுத்து, இன்னும் சத்தமாகச் சொன்னார்.