நிலாக்குடியில் ஒரு நாற்காலி

காலையில் கடையைத் திறந்ததும் பிரிசில்லா முதலில் உறிஞ்சியை ஓடவிடுவாள். நாற்காலிக்கு மேலே குடைபோலத் தொங்கும் அந்தக் கருவி, வெட்டிய முடியை அப்போதைக்கப்போதே இழுத்துக்கொள்ளும். அவளுடைய ஊரான பாளையங்கோட்டையில் முடி தரையில் விழும். ஒரு துடைப்பம் போதும். நிலாவிலோ அது ஓர் அவசரமும் இல்லாமல் மிதந்து, உட்கார்ந்திருப்பவரின் மூக்கைத் தேடிப் போகும்.

"கொஞ்சமா வெட்டுங்கக்கா" என்றார் அன்று முதலில் வந்த சுரங்கவண்டி ஓட்டுநர்.

"கொஞ்சம்னு சொல்லாதீங்க தம்பி. உங்க கொஞ்சம் வேற, என் கொஞ்சம் வேற. எதுவரைக்கும்னு விரலை வச்சுக் காட்டுங்க. நுனியை மட்டும் எடுத்தா ட்ரிம். மேல குட்டையா, கீழ நீளமா அடுக்கி விட்டா லேயர்."

அவர் கண்ணாடியைப் பார்த்து, "லேயர்" என்று இரண்டு முறை சொல்லிப் பழகிக்கொண்டார்.

பிரிசில்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நிலாக்குடியில் பிறந்த யாருக்கும் அண்மைக்காலம்வரை தலையில் முடியே இருந்ததில்லை. உதிரும் முடி காற்றுக்குழாய்களை அடைத்துவிடும் என்பதால் பெரியவர், குழந்தை எல்லோரும் தினமும் மழிப்புக் களிம்பு பூசியாக வேண்டும் என்பது அங்கே விதி. பல் தேய்ப்பதைப் போல அதுவும் ஒரு பழக்கம். புதிய காற்றுச்சல்லடை பொருத்தியபின் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். ஊரே ஆசை ஆசையாக முடி வளர்த்தது. வளர்த்த பிறகுதான் அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாதது தெரிந்தது. ஒரு பெண் முடியை நேராக்கும் சூடான ஸ்ட்ரைட்டனரை ஈரத்தலையில் வைத்து முன்முடியைப் பொரித்துக்கொண்டாள். அதன்பின் பூமியிலிருந்து பிரிசில்லாவை வரவழைத்தார்கள்.

மதியம் நிறைமதி தன் மகள் நேயாவோடு வந்தாள். நிறைமதி காற்றுப் பிரிவில் பொறியாளர். காதை மூடும் வேலைத்தொப்பி போட்டிருந்தாள். நேயாவுக்குத் தோளைத் தொடும் சுருட்டைமுடி.

"பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைங்களும் பின்னிட்டு வருதாம். எனக்குப் பின்னச் சொல்லித் தருவீங்களா அக்கா?" என்று கேட்டாள் நிறைமதி.

"தாராளமா. சீப்பு எது வச்சிருக்கீங்க? நெருக்கமான பல்லு சுருட்டைக்கு ஆகாது. அகலப்பல் எடுத்து, நுனியில இருந்து சிக்கெடுத்துட்டே மேல போகணும். உச்சியில இருந்து இழுத்தா பிள்ளை அழும். காயவைக்க டிரையர்ல இந்தக் கிண்ணம் மாதிரி இருக்கிற டிஃப்யூசரை மாட்டுங்க. காத்து பரவலா வரும், சுருள் கலையாது."

நிறைமதியின் கைகள் நுண்ணிய வேலைக்குப் பழகியவை. வகிடு எடுப்பது ஒரே முயற்சியில் வந்தது. மூன்று கால்களாகப் பிரித்து மாற்றி மாற்றிப் போடுவதும் சீக்கிரமே பிடிபட்டது.

"உங்க முடியையும் அவிழ்த்து விடுங்களேன், பார்ப்போம். மகளுக்கு இவ்வளவு அடர்த்தின்னா உங்களுக்கு எப்படி இருக்கும்!" என்றாள் பிரிசில்லா.

நிறைமதியின் விரல்கள் பின்னலில் நின்றன. பிறகு, ஒரு வேலையை முடித்துவிடுகிறவளைப் போல, தொப்பியைக் கழற்றினாள்.

தலை வழவழவென்று இருந்தது. களிம்பு பூசிய தலையில் தெரியும் நீலச்சாயல்கூட இல்லை.

"எனக்கு வராது அக்கா. பிறவியிலேயே வேர் இல்லையாம். எனக்கே ரெண்டு வருஷம் முன்னாடிதான் தெரியும். அதுவரை எல்லாரையும் போல நானும் தினம் களிம்பு பூசிட்டுதான் இருந்தேன். எதுவுமே இல்லாத தலைக்கு" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். "அந்தச் சல்லடையைச் செஞ்ச குழுவுல நானும் ஒருத்தி. விதியை எடுத்த அன்னிக்கு நாங்க எல்லாரும் கேக் வெட்டினோம்."

பிரிசில்லாவுக்கு முகம் சூடேறியது. "தெரியாம கேட்டுட்டேம்மா. விக்னு ஒண்ணு இருக்கு. நல்ல முடியிலயே பண்ணலாம், நானே..."

"இருக்கட்டும் அக்கா. ஒண்ணு கேக்கணும். உங்க தொழில்ல எல்லாத்துக்கும் ஒரு பேர் வச்சிருக்கீங்களே, என் தலையை என்னன்னு சொல்லுவீங்க?"

வாயில் வந்த சொற்களை ஒவ்வொன்றாக விழுங்கினாள் பிரிசில்லா. மொட்டை, வழுக்கை, சொட்டை. ஊரில் கூப்பிட்டுச் சிரிப்பதற்கென்றே வைத்திருந்தவை. நோயின் பெயரும் தெரியும். அதையும் சொல்ல மனம் வரவில்லை.

"இங்க முன்னாடி, யாருக்கும் முடி இல்லாதப்போ, என்ன சொல்லுவீங்க?"

"தலைன்னு சொல்லுவோம்" என்றாள் நிறைமதி. "அவ்வளவுதான்."

நாற்காலியிலிருந்து நேயா கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, உனக்கு வளரவே வளராதா? மெதுவா வளருதுன்னு சொன்னியே."

நிறைமதி மகள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "பொய் சொன்னேன் கண்ணு. வளராது."

"வலிக்குமா?"

"தலை வலிக்காது."

குழந்தை தன் தலையின் மறுபக்கத்தைத் தொட்டுப் பார்த்தது. பிறகு, "இந்தப் பக்கம் இன்னும் பின்னவே இல்ல" என்றது.

நிறைமதி எழுந்து அடுத்த பின்னலைப் போட்டாள். இறுக்கமாக, ஒழுங்காக வந்தது. நேயா இறங்கிக் கண்ணாடி முன் தலையை ஆட்டிப் பார்த்தாள். நிலாவின் குறைந்த ஈர்ப்பில் இரண்டு பின்னல்களும் மேலெழும்பி, அவள் நின்றபிறகும் ஆடிக்கொண்டிருந்தன.

நிறைமதி தொப்பியை எடுக்கக் கை நீட்டினாள்.

"நீங்க உக்காருங்கம்மா" என்றாள் பிரிசில்லா.

"என் தலையில உங்களுக்கு என்ன வேலை இருக்கு?"

"உக்காருங்க, சொல்றேன்."

பிரிசில்லா பூமியிலிருந்து தனக்காகக் கொண்டுவந்த தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துச் சூடாக்கினாள். நிறைமதியின் உச்சியில் வைத்து, கட்டைவிரலால் காதுக்குப் பின்னே, பிடரியில், நெற்றிப்பொட்டில் மெல்ல அழுத்தினாள். மண்டையோட்டின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் கைக்குத் தட்டுப்பட்டது. இவ்வளவு வருடத் தொழிலில் ஒரு தலையை இப்படி அவள் தொட்டதே இல்லை. எப்போதும் நடுவே முடி இருந்தது.

நிறைமதியின் தோள்கள் தளர்ந்தன. மூடிய கண்களிலிருந்து நீர் இறங்கியது. பிரிசில்லா மறுபடியும் பிடரியிலிருந்து தொடங்கினாள்.

வாசலில் யாரோ எட்டிப்பார்த்தார்கள். "அக்கா, ஒரு லேயர் வெட்டணும். உள்ள வரலாமா?"

"ஆள் இருக்காங்க" என்றாள் பிரிசில்லா, கையை எடுக்காமல். "முடிய நேரமாகும்."